வாசலில் ஒரு பேருந்து நேரத் திரை: எண்ணை நம்பவைக்கும் வேலை

சிங்கப்பூரில் பேருந்து வரும் நேரம் பார்க்கச் செயலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு ஒரு கையில் பிள்ளையின் பள்ளிப்பை, இன்னொரு கையில் குடை என்று நிற்பவருக்கு, கைப்பேசியை எடுத்து, செயலியைத் திறந்து, நிறுத்தத்தைத் தேடுவது பெரிய வேலை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் எரியும் ஒரு எல்இடி திரை இருந்தால் செருப்பை மாட்டும்போதே பார்த்து முடிவெடுத்துவிடலாம்.

இதற்குத் தேவையான பாகங்கள் ஐந்தாறுதான். எழுத்தை எரியவைப்பது ஒரு மாலைநேர வேலை. அதில் வரும் எண்ணை வீட்டிலுள்ளவர்கள் நம்பும்படி செய்வதற்குத்தான் மீதி உழைப்பெல்லாம் போகும். திரை "4 நிமிடம்" என்று காட்ட, ஓடிப்போய்ப் பார்த்தால் பேருந்து எப்போதோ போயிருக்கிறது என்று இரண்டு முறை நடந்தால் போதும், அதன்பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தவறான எண்ணைவிட அணைந்த திரை எவ்வளவோ மேல். ஆகவே பொய்யான எண் எந்தெந்த வழியில் உள்ளே நுழைகிறது என்பதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தரவு எங்கிருந்து வருகிறது

நிலப் போக்குவரத்து ஆணையம் 'டேட்டாமால்' என்ற பெயரில் பேருந்துத் தரவை இலவசமாகத் தருகிறது. பதிவுசெய்தால் ஒரு கணக்குச் சாவி கிடைக்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் 'அக்கவுண்ட்கீ' என்ற ஹெடரில் (கோரிக்கையின் தலைப்பு வரியில்) அந்தச் சாவியைச் சேர்த்து அனுப்பவேண்டும். விட்டுப்போனாலோ, நகலெடுக்கும்போது ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டாலோ 401 என்ற பிழை எண் வரும். பேருந்து வருகை ஏபிஐயின் (நிரல் தரவைக் கேட்டு வாங்கும் வழி) இப்போதைய பதிப்பு மூன்றாவது. இணையத்தில் கிடைக்கும் பழைய நிரல்களில் பெரும்பாலும் இரண்டாம் பதிப்பின் முகவரி இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போடவேண்டாம்.

நிறுத்தத்தை அடையாளம் காட்டுவது அதன் பலகையிலேயே அச்சிட்டிருக்கும் 5 இலக்க எண். சாலையின் இரு பக்கத்து நிறுத்தங்களுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், எண் வேறு. பல இடங்களில் கடைசி இலக்கம் மட்டும் 1, 9 என்று மாறும். ஓர் இலக்கம் பிசகினால் எதிர்ப்பக்கத்துப் பேருந்துகளின் நேரம் வரும். எண்கள் எல்லாம் நம்பும்படியாகவே இருப்பதால் இது சட்டென்று பிடிபடாது. நிறுத்தத்துக்கு நேரில் போய் எண்ணைப் படம் எடுத்து வருவது நல்லது.

ஒரு நிறுத்தத்தைக் கேட்டால், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் பட்டியல் ஜேசன் என்ற உரை வடிவில் வரும். ஒவ்வொரு சேவைக்கும் அடுத்தடுத்த மூன்று பேருந்துகள். ஒவ்வொன்றுக்கும் வருகை நேரம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, கூட்ட அளவு, பேருந்து வகை ஆகியவை இருக்கும். கூட்ட அளவு மூன்று குறியீடுகளில் வரும்: எஸ்இஏ என்றால் உட்கார இடம் உண்டு, எஸ்டிஏ என்றால் நிற்க இடம் உண்டு, எல்எஸ்டி என்றால் நிற்கவும் இடம் குறைவு. வகையில் எஸ்டி ஒற்றைத் தளம், டிடி இரட்டைத் தளம், பிடி வளையும் நீளப் பேருந்து. தரவு 20 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதைவிட வேகமாகக் கேட்பதால் பயனில்லை, வெளிச் சேவையகத்துக்குச் சுமைதான். 30 விநாடிக்கு ஒருமுறை கேட்பது வீட்டுத் திரைக்குத் தாராளம்.

எம்ஆர்டி ரயில் வரும் நேரம் டேட்டாமாலில் இல்லை. ரயில் சேவைத் தடை அறிவிப்பு, நிலையங்களின் நெரிசல் அளவு போன்றவைதான் உண்டு. ரயிலுக்குத் திரை செய்யும் எண்ணம் இருந்தால் முதலிலேயே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பேனல், சப்ளை, ஒயர்

என் தேர்வு 64×32 புள்ளிகள் கொண்ட பி3 எல்இடி பேனல் இரண்டு, ஹப்75 என்ற இணைப்பு வகை. பி3 என்றால் புள்ளிக்குப் புள்ளி 3 மி.மீ.; ஒரு பேனல் 192×96 மி.மீ. இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் 384×96 மி.மீ., 128×32 புள்ளிகள். கூடத்தின் மறுமூலையிலிருந்து படிக்க இது போதும். பி2.5 இன்னும் நுணுக்கமாக இருக்கும், ஆனால் அளவு சிறுத்துவிடும். பி4 பக்கத்திலிருந்து பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு பேனலையும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்குங்கள். வேறு வேறு தொகுதியில் வந்தவை என்றால் ஒரு பாதி சற்றுப் பச்சையாகவும் மறுபாதி சிவப்பாகவும் தெரியும், மென்பொருளில் அதை முழுக்கச் சரிசெய்ய முடியாது. ஒயர், கனெக்டர், கெப்பாசிட்டர் போன்ற சில்லறைப் பாகங்களுக்கு ஜாலான் புசார் பக்கம் இருக்கும் சிம் லிம் டவர் இன்றும் வசதியான இடம்.

மின்தாள் திரையும் செய்யலாம். அழகாக இருக்கும், மின்சாரமும் மிச்சம். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் எண்ணுக்கு அது ஒத்துவராது. முழுத் திரையும் மாற சில விநாடி எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கறுத்து வெளுத்து மின்னும்.

ஓட்டுவதற்கு, வைஃபை உள்ள சாதாரண இஎஸ்பி32 கட்டுப்பாட்டுப் பலகை போதும். சிறு கணினியான ராஸ்பெரி பையிலும் இதே பேனலை ஓட்ட நல்ல நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) உண்டு, ஆனால் மின்சாரம் திடீரென்று போகும்போது எஸ்டி கார்டு கெட்டுப்போகும் ஆபத்து வீட்டுச் சுவரில் எப்போதும் இருக்கிறது. இஎஸ்பி32க்கு அந்தக் கவலை இல்லை, சில விநாடியில் எழுந்துவிடும். வாங்கும்போது கவனிக்க: வுரோவர் வகைப் பலகைகளில் ஜிபிஐஓ (சிக்னல் கால்கள்) 16, 17 இரண்டும் உள்ளே கூடுதல் நினைவகத்துக்குப் போய்விடும். ஹப்75 நூலகத்தின் இயல்பு இணைப்பில் அந்த இரண்டும் தேவை. ஆகவே வுரூம் வகை.

அந்த நூலகத்தின் இயல்பு இணைப்பு, கால் எண்களில், இது: பேனலின் மேல்பாதிக்கான சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் ஆர்1, ஜி1, பி1 மூன்றும் 25, 26, 27, கீழ்பாதிக்கான ஆர்2, ஜி2, பி2 மூன்றும் 14, 12, 13, முகவரிக் கோடுகள் ஏ, பி, சி, டி நான்கும் 23, 19, 5, 17, லாட்ச் 4, ஓஇ (வெளிச்சத்தைத் திறந்து மூடும் கோடு) 15, கிளாக் 16. 32 வரிசை பேனலுக்கு ஐந்தாவது கோடான இ தேவையில்லை, 64 வரிசை பேனலுக்கு மட்டும் வேண்டும். இந்தப் பட்டியலில் 12 என்பதைக் கவனியுங்கள். இஎஸ்பி32 எழும் கணத்தில் 12ஆம் கால் உயர்நிலையில் இருந்தால் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் என்று தப்பாக எடுத்துக்கொண்டு எழவே எழாது. பேனலைக் கழற்றினால் வேலை செய்கிறது, மாட்டினால் செத்துவிடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஜி2 கோட்டை 33க்கு மாற்றி, நிரலிலும் மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும்.

பேனலின் பின்பக்கத்தில் உள்ளே, வெளியே என்று இரண்டு 16 ஊசிச் சாக்கெட்டுகள் உண்டு. அம்புக்குறி காட்டும் திசையில் உள்ளே போகும் சாக்கெட்டில்தான் இஎஸ்பி32 வரவேண்டும். வெளியே போகும் பக்கத்தில் மாட்டினால் எதுவும் கெடாது, ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். ரிப்பன் கேபிள் ஒரு சாணுக்கு மேல் போகவேண்டாம். இஎஸ்பி32 தரும் சிக்னல் 3.3 வோல்ட். பேனலின் உள்ளிருக்கும் 74எச்சி245 வகைச் சில்லு 5 வோல்ட்டில் ஓடும்போது ஏட்டுக்கணக்கில் 3.5 வோல்ட்டாவது எதிர்பார்க்கும். பெரும்பாலான பேனல்கள் 3.3ஐ ஏற்றுக்கொள்ளும். ஏற்காதவற்றில் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் தெரியும், சில புள்ளிகள் காரணமில்லாமல் மினுக்கும். இடையில் 74எச்சிடி245 இரண்டைப் போட்டால் அது 2 வோல்ட்டையே உயர்நிலையாக எடுத்துக்கொண்டு முழு 5 வோல்ட்டாக அனுப்பும். எச்சிடி என்ற எழுத்துகள் முக்கியம், எச்சி வாங்கினால் எந்தப் பலனும் இல்லை.

மின்சாரக் கணக்கு: இந்த அளவு பேனல் ஒன்று முழு வெள்ளையில் சுமார் 4 ஆம்ப் வரை இழுக்கும். இரண்டுக்கு 8. ஆனால் பேருந்து எண்ணும் நிமிடமும் மட்டும் காட்டும்போது எரிவது மொத்தப் புள்ளிகளில் ஒரு சிறு பங்குதான். மஞ்சளில் காட்டினால் நீலம் அணைந்தே இருக்கும். பிரகாசத்தையும் குறைத்தால் ஓர் ஆம்ப்பை ஒட்டியே ஓடும். அதனால் 5 வோல்ட் 4 ஆம்ப் மேசை அடாப்டர் நடைமுறையில் போதும், ஆனால் ஒரு நிபந்தனை: நிரலின் முதல் வரிகளிலேயே பிரகாசத்தின் உச்சத்தை 255இல் 60 என்று கட்டிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் சோதனைக்காக ஒரு முறை முழுத் திரையையும் வெள்ளையாக்கிய உடனே அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து, எழுந்து, மறுபடி அணைந்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்கு நிரலில் கோளாறு போலத் தெரியும். 10 ஆம்ப் தரும் தகரப்பெட்டி சப்ளை வாங்குவோரும் உண்டு. அதில் 230 வோல்ட் முனைகள் திறந்தே இருக்கும். மூடிய பெட்டிக்குள் வைத்து, எர்த் இணைத்து, கேபிளை இறுக்கிப் பிடிக்கத் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் போகவேண்டாம். அடாப்டர் வாங்கும்போது சேஃப்டி மார்க் முத்திரையைப் பாருங்கள்.

பேனலுக்குப் போகும் 5 வோல்ட் ஒயர் 18 கேஜ் இருக்கட்டும். ஒரு மீட்டர் தூரத்துக்கு 4 ஆம்ப் போனால் போக வர 0.17 வோல்ட் குறையும், பரவாயில்லை. மெல்லிய ஜம்பர் ஒயரில் கொடுத்தால் வலது பக்கம் மங்கிச் சிவக்கும். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாகச் சப்ளையிலிருந்தே இழுக்கவேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவிடக்கூடாது. பேனலின் மின் முனையில் 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. வைஃபை ஒலிபரப்பும்போது இஎஸ்பி32 திடீரென்று மின்னோட்டம் இழுக்கும், அந்தச் சரிவில் அது தானாக மறுதொடக்கம் ஆகாமல் இது தாங்கும். இஎஸ்பி32க்கும் அதே சப்ளையின் 5 வோல்ட். நிரல் ஏற்ற யுஎஸ்பி மாட்டும்போது அந்த 5 வோல்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, கிரவுண்டை மட்டும் விட்டுவையுங்கள். பேனலுக்கு மின்சாரம் இல்லாமல் யுஎஸ்பியில் மட்டும் ஓட்டினால் சிக்னல் கோடுகள் வழியாகவே மின்சாரம் கசிந்து பேனல் மங்கலாக உயிர்பெறும். அது இரண்டு சில்லுக்கும் நல்லதல்ல.

எல்லாம் சரியாக மாட்டியும் பேனல் இருட்டாகவே இருந்தால் பின்பக்கச் சில்லுகளின் எண்ணைப் படியுங்கள். எஃப்எம்6126ஏ என்றிருந்தால் அதற்குத் தொடக்கக் கட்டளை வேண்டும். நூலகத்தின் அமைப்பில் அந்தச் சில்லின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். படம் ஒரு புள்ளி தள்ளித் தெரிந்தால் கிளாக் ஃபேஸ் அமைப்பை மாற்றிப் பாருங்கள். மேல் வரிசையின் நிழல் கீழ் வரிசையில் விழுந்தால் லாட்ச் பிளாங்கிங் எண்ணை ஒன்றிரண்டு கூட்டுங்கள். நிற ஆழத்தை 8 பிட்டிலிருந்து 4க்குக் குறைத்துவிடுங்கள், மூன்று நான்கு நிறத்துக்கு அதுவே அதிகம். நினைவகமும் மிச்சமாகும், மினுக்கமும் குறையும்.

நிமிடக் கணக்கு

வருகை நேரம் 07:42:18+08:00 என்பதுபோல முழு நேரமாக வரும், "இத்தனை நிமிடம்" என்று வராது. அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழிப்பது நம் வேலை. ஆகவே திரையின் கடிகாரம் தப்பினால் எல்லா எண்ணும் அதே அளவு தப்பும். இஎஸ்பி32 எழுந்ததும் அதன் கடிகாரம் 1970இல் இருக்கும். என்டிபி (இணைய நேரச் சேவை) வழியாக நேரம் கிடைக்கும்வரை எந்த நிமிடத்தையும் காட்டக்கூடாது. ஆண்டு 2024க்குக் கீழே இருந்தால் கணக்கிடாதே என்று ஒரு வரி போதும். எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பின் சான்றிதழைச் சரிபார்ப்பதற்கும் கடிகாரம் சரியாக இருந்தாகவேண்டும், 1970இல் எந்தச் சான்றிதழும் செல்லாது. சிங்கப்பூரில் கோடைகால நேர மாற்றம் இல்லாததால் 8 மணி நேரம் என்று நிலையாக வைத்துவிடலாம்.

விநாடியை 60ஆல் வகுத்து, மிச்சத்தை விட்டுவிடுங்கள். 3 நிமிடம் 50 விநாடி என்பது திரையில் 3. மேலே முழுமையாக்கி 4 என்று காட்டினால் அந்த 10 விநாடியை நம்பி ஒருவர் பேருந்தைத் தவறவிடுவார். குறைத்துக் காட்டினால் நிறுத்தத்தில் சற்று முன்னதாக நிற்பார், நட்டமில்லை. 60 விநாடிக்குக் கீழே என்றால் "வருது". எண் சற்றே கழித்தல் பக்கம் போவதும் உண்டு: பேருந்து நிறுத்தத்தில் நின்று ஆளேற்றிக்கொண்டிருக்கும். கழித்தலானதும் தூக்கி எறியாமல், ஓர் அரை நிமிடம்போல விட்டு, பிறகு அடுத்த பேருந்தை முன்னால் கொண்டுவரலாம்.

காலி சரம் (ஓர் எழுத்தும் இல்லாத மதிப்பு) இன்னொரு கண்ணி. கடைசிப் பேருந்துக்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது பேருந்தின் வருகை நேரம் வெறும் மேற்கோள் குறிகளாக வரும். அதை நேரமாக மாற்ற முயன்றால் பூச்சியம் கிடைக்கும், அதுவும் 1970தான், நிமிடம் பெரிய கழித்தல் எண்ணாகும். நேரத்தைப் படிக்கும் முன் நீளத்தைப் பாருங்கள்.

வட்டச் சேவைகள் சில ஒரே நிறுத்தத்தை இருமுறை தொடும். அப்போது 'விசிட் நம்பர்' என்ற புலம் 1 அல்லது 2 என்று வரும். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. இதைப் பார்க்காமல் சேவை எண்ணை மட்டும் வைத்துக் காட்டினால், வீட்டுக்கு எதிர்த்திசையில் போகும் பேருந்துக்கு ஓடவைப்பீர்கள். சேரிடக் குறியீட்டையும் சேர்த்தே பொருத்துங்கள்.

கோரிக்கை அனுப்பும் பகுதியில் இரண்டு சொல்லவேண்டும். பதிலை நேராக ஓடையிலிருந்து ஜேசன் நூலகத்துக்குக் கொடுக்கும்போது, துண்டு துண்டாக வரும் பதில்களில் துண்டின் நீளமும் நடுவில் கலந்து வந்து பிழையாகும். எச்டிடிபி 1.0 பயன்படுத்து என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகும். இரண்டாவது, வேண்டிய புலங்களை மட்டும் எடுக்கும் வடிகட்டியைப் போடுங்கள். பத்துப் பதினைந்து சேவைகள் நிற்கும் நிறுத்தத்தின் முழுப் பதிலையும் நினைவகத்தில் தூக்கினால், எச்டிடிபிஎஸ் தனக்கென்று எடுக்கும் இடமும் திரையின் இடமும் சேர்ந்து மூச்சுமுட்டும். சில மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு இரவில் விழும் திரைகளின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. சேவை எண்ணைக் கோரிக்கையிலேயே சேர்த்து ஒன்றை மட்டும் கேட்கவும் வழி உண்டு. வீட்டார் ஏறுவது ஓரிரு சேவைதான் என்றால் அதுவே எளிது.

நிரலில் சேவையகத்தின் சொந்தச் சான்றிதழைப் பதித்துவிட்டால் அது காலாவதியாகும் நாளில் திரை நின்றுவிடும். அதற்கு உறுதிசொல்லும் மூலச் சான்றிதழைப் பதியுங்கள், அது பல ஆண்டு தாங்கும்.

உயிரோடு இருப்பதுபோல் நடிக்கும் திரை

அந்த ஹப்75 நூலகம் ஓடும் டிஎம்ஏ முறையின் வசதியே அதன் ஆபத்தும். நினைவகத்தில் இருக்கும் படத்தை வன்பொருளே ஓயாமல் பேனலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், நிரல் தலையிடத் தேவையில்லை. அதனால் நிரல் எங்காவது மாட்டிக்கொண்டு உறைந்துபோனாலும் திரையில் கடைசியாக வரைந்த படம் பளிச்சென்று நிற்கும். "7 நிமிடம்" என்று ஒரு மணி நேரம் நிற்கும். சாதாரணத் திரை செத்தால் இருளும், இது செத்தாலும் சிரித்துக்கொண்டிருக்கும். வீட்டில் நம்பிக்கையை உடைப்பதில் இதற்கு இணை வேறில்லை.

தடுக்க மூன்றும் சேர்ந்து வேண்டும். முதலில், ஓரத்தில் ஒரு புள்ளி விநாடிக்கு ஒருமுறை மினுக்கட்டும். அதை வரைவது முதன்மைச் சுழற்சியாக இருக்கவேண்டும், தனி டைமராக இருக்கக்கூடாது; டைமர் என்றால் நிரல் செத்தாலும் அது மட்டும் மினுக்கும். இரண்டாவது, நிரல் உறைந்தால் தானே மறுதொடக்கம் செய்யும் இஎஸ்பி32இன் வாட்ச்டாக்கை இயக்கி, வரையும் சுழற்சி, தரவு வாங்கும் பணி இரண்டையும் அதில் பதிவுசெய்யுங்கள். வாட்ச்டாக் காலம் 30 விநாடி, நெட்வொர்க் காத்திருப்பு 5 விநாடி என்று வைத்தால் மெதுவான பதிலுக்காக வீணாக மறுதொடக்கம் ஆகாது. இரண்டு கோரிக்கைகளுக்கு இடையே காத்திருக்கும் நேரத்தையும் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வாட்ச்டாக்குக்குச் செய்தி சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அந்த 30 விநாடிக் காத்திருப்பே அதை உசுப்பிவிடும். தரவு வாங்குவதைச் சில்லின் ஒரு மையத்திலும் (கோர்) வரைவதை மறு மையத்திலும் ஓடவிட்டு, நடுவில் ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வையுங்கள். பாதி எழுதிய பட்டியலை வரைந்தால் ஒரு சேவையின் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொன்றின் நிமிடம் வரும்.

மூன்றாவதுதான் முக்கியம்: தரவின் வயது. கடைசியாக வெற்றிகரமாகத் தரவு வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். முழு நேரம் கையில் இருப்பதால் இணையம் போனாலும் நிரல் தானே எண்ணைக் குறைத்துக்கொண்டே போகும், பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அந்தப் பேருந்து இடையில் நெரிசலில் நின்றிருக்கலாம். தரவுக்கு 90 விநாடி ஆகிவிட்டால் எண்ணின் நிறத்தை மங்கலாக்குங்கள். 3 நிமிடம் ஆகிவிட்டால் எண்ணையே எடுத்துவிட்டு ஒரு கோடு போடுங்கள். வெற்றி என்பது 200 என்ற பதில் மட்டுமல்ல. ஜேசன் முழுதாகப் படிக்கப்பட்டிருக்கவேண்டும், கேட்ட நிறுத்தத்தின் எண் பதிலிலும் இருக்கவேண்டும்.

இதோடு சேர்ந்தது 'மானிட்டர்ட்' என்ற புலம். 1 என்றால் பேருந்து இருக்கும் இடத்தை வைத்துக் கணித்த நேரம். 0 என்றால் அட்டவணைப்படி எதிர்பார்க்கும் நேரம், பேருந்து இன்னும் முனையத்திலிருந்து கிளம்பியே இருக்காது. இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டுவது சரியல்ல. கணித்ததை மஞ்சளிலும் அட்டவணை நேரத்தை மங்கிய நீலத்திலும் காட்டினால் வீட்டில் ஒரு வாரத்தில் பழகிவிடும். முனையத்துக்கு அருகிலுள்ள நிறுத்தங்களில் நீலமே அதிகம் தெரியும், அது இயல்புதான்.

எண் 4இலிருந்து 7க்குத் தாவும்போது அதைச் சமன்செய்து மெல்ல ஏற்றவேண்டும் என்று தோன்றும். வேண்டாம். தாவல் உண்மையான செய்தி: சிக்னலில் நின்றது, அல்லது முன்னால் நெரிசல். மறைத்தால் அதுவும் ஒரு பொய்.

கிளம்பும் நேரம்

நிறுத்தத்தில் நிற்பவருக்கு எத்தனை நிமிடத்தில் பேருந்து வரும் என்று தெரிந்தால் போதும். பன்னிரண்டாவது மாடியில் நிற்பவருக்கு வேண்டியது, இப்போது கிளம்பினால் பிடிக்க முடியுமா என்பது. கதவிலிருந்து நிறுத்தம்வரை ஆகும் நேரத்தை அளக்கும்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் மின்தூக்கிக்குக் காத்திருப்பதையும் சாலை கடக்கும் சிக்னலையும் சேர்க்கவேண்டும். காலை நேரத்தில் மின்தூக்கி தளந்தோறும் நிற்கும். காலைக்கு ஓர் எண், மற்ற நேரத்துக்கு ஓர் எண் வைப்பது நல்லது. நடக்க 4, மின்தூக்கிக்கு 2 என்றால் 6 நிமிடத்துக்குக் கீழ் வரும் பேருந்து கைக்கு எட்டாதது. அதை மங்கலாக்கி, எட்டும் முதல் பேருந்தைப் பெரிதாக்குங்கள். இந்த எல்லையில் மட்டும் ஓர் அரை நிமிட இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் 30 விநாடிக்கு ஒருமுறை நிறம் மாறி மாறிக் குழப்பும். "இத்தனை நிமிடத்தில் கிளம்பு" என்று எண்ணையே மாற்றிக் காட்டவும் செய்யலாம். ஆனால் செயலியில் ஓர் எண்ணும் சுவரில் வேறோர் எண்ணும் இருந்தால் தாத்தா பாட்டிக்கும் விருந்தினருக்கும் சந்தேகம் வரும். எண்ணை அப்படியே விட்டு, நிறத்தால் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தமிழில் எழுத

ஊர்ப் பெயரைத் தமிழில் காட்டவேண்டும் என்றால் இஎஸ்பி32இன் வரைகலை நூலகத்தை நம்பக்கூடாது. அதற்கு எழுத்துச் சேர்க்கை தெரியாது. தெம்பனிஸ் என்பதில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் விழும், பொங்கோல் உடைந்து சிதறும். வழி எளிது: தேவைப்படும் பெயர்கள் பத்துக்குள்தான் இருக்கும், அவற்றைக் கணினியில் படமாக்கி நிரலில் பதித்துவிடலாம். பைத்தானின் பில்லோ நூலகம் ராக்ம் என்ற துணை இருந்தால்தான் தமிழைச் சரியாகக் கோக்கும். படமாக்கும் முன் அது இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், தடித்த வகை. மெல்லிய வகையில் கோடுகள் இடையிடையே அறுந்துபோகும்.

உயரம் 16 புள்ளிக்குக் குறையக்கூடாது. மேலே புள்ளியும் இகர வளைவும், கீழே உகர வால்களும் வாங்கும் இடம் போக, எழுத்தின் உடலுக்கு எட்டொன்பது புள்ளிதான் மிஞ்சும். கணினி உருவாக்கிய படத்தை அப்படியே விடாமல் ஒவ்வொரு புள்ளியாகக் கையால் திருத்தவேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து ட்டும் டவும் ஒன்றாகிவிடும். ணகரத்தின் சுழிகள் ஒட்டிக்கொண்டு னகரம்போல் தெரியும். ணகரத்துக்கு 13 புள்ளி அகலமாவது கொடுங்கள். மெய்யின் புள்ளியை 2×2 கட்டமாக வைத்து, எழுத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு வரிசை காலியாக விட்டால் தூரத்திலிருந்தும் தெரியும்.

128 புள்ளி அகலத்தில் சேவை எண்ணுக்கு 26, ஊருக்கு 64, நிமிடத்துக்கு 38 என்று பிரித்தால் இரண்டு வரிகள் தாராளமாக அமையும். உட்லண்ட்ஸ் அந்த 64க்குள் நெருக்கி அடங்கும். சுவா சூ காங் அடங்காது. அதை நகரும் எழுத்தாக ஓடவிடாதீர்கள், ஒரு பார்வையில் முடியவேண்டிய வேலைக்குக் காத்திருப்பு வந்துவிடும். சுருக்கி எழுதுங்கள், வீட்டாருக்குப் புரிந்தால் சரி. படத்தைப் பதிக்கும்போது பிட் வரிசையைக் கவனியுங்கள்: எக்ஸ்பிஎம் கோப்பில் சிறிய பிட் முதலில், சாதாரண பிட்மேப் கட்டளையில் பெரிய பிட் முதலில். மாற்றிப் போட்டால் ஒவ்வோர் எட்டுப் புள்ளியும் தனக்குள்ளே தலைகீழாகத் திரும்பி, எழுத்து நொறுங்கியதுபோல் தெரியும்.

மாட்டுவதும் சோதிப்பதும்

பேனலின் முன் 3 மி.மீ. புகைநிற அக்ரிலிக் ஒன்றை வைத்தால் எரியாத புள்ளிகள் மறைந்து எண் மட்டும் தெளிவாக நிற்கும். பேனலோடு ஒட்டி வையுங்கள், விலக விலக எழுத்து கலங்கும். பின்பக்கத் துளைகள் எம்3 திருகாணிக்கானவை. சட்டத்தின் மேலும் கீழும் காற்றோட்டத்துக்கு இடைவெளி வேண்டும். வாசல் பக்கத்துச் சுவர் வீட்டுப் பாதுகாப்பறையின் சுவராக இருந்தால் துளையிடக் கட்டுப்பாடு உண்டு, அங்கே ஒட்டும் கொக்கிகளே போதும். ஒளி உணர ஓர் எல்டிஆரும் 10 கிலோஓம் ரெசிஸ்டரும் சேர்த்து 34ஆம் காலில் கொடுத்தால் இரவில் தானாக மங்கும். வைஃபை ஓடும்போது இரண்டாம் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) வேலை செய்யாது, அதனால் 32 முதல் 39 வரையுள்ள கால்கள் மட்டும்தான். சாதாரண இஎஸ்பி32க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும், ரௌட்டர் மாற்றிய பிறகு திரை இணையாததற்குக் காரணம் அதுவாக இருக்கும்.

நள்ளிரவு தாண்டியபின் பட்டியலே காலியாக வரும், இது பிழையல்ல. அந்த நேரத்தில் முதல் பேருந்தின் நேரத்தைக் காட்டினால் விடிகாலையில் கிளம்புபவருக்கு உதவும். அது டேட்டாமாலின் பேருந்துத் தடத் தரவில் வார நாள், சனி, ஞாயிறு என்று தனித்தனியாக 0530 போன்ற நான்கு இலக்கமாக இருக்கும். அந்தத் தரவு மிகப் பெரியது, ஒரு முறைக்கு 500 பதிவுகளாகத்தான் தரும். கணினியில் இறக்கி, நம் நிறுத்தத்தின் வரிகளை மட்டும் எடுத்துப் பதியுங்கள். கடைசிப் பேருந்து 0012 என்று இருந்தால் அது மறுநாள் தேதி. எண்ணாக மட்டும் ஒப்பிட்டால் 0530ஐவிடச் சிறிதாகி, பகலெல்லாம் "சேவை முடிந்தது" என்று காட்டும். அன்று ஓடாத சேவைக்கு நேரத்துக்குப் பதில் ஒரு கோடு இருக்கும்.

வீட்டாரிடம் கொடுக்கும் முன் நான்கைச் செய்து பாருங்கள். ரௌட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள்: 90 விநாடியில் எண் மங்கி, 3 நிமிடத்தில் கோடாக மாறவேண்டும், திரும்பச் செருகியதும் தானே மீளவேண்டும். கணக்குச் சாவியில் ஓர் எழுத்தை மாற்றுங்கள்: கோடு வரவேண்டும், பழைய எண் நிற்கக்கூடாது. ரௌட்டர் ஓடிக்கொண்டிருக்க, அதிலிருந்து வெளியே போகும் இணையக் கேபிளை மட்டும் கழற்றுங்கள். வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை என்ற இந்த நிலையில்தான் பல நிரல்கள் காத்திருப்பிலேயே உறையும். அப்போதும் ஓரத்துப் புள்ளி மினுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். கடைசியாக, திரைக்கும் ரௌட்டருக்கும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். ரௌட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும், திரை அதற்கு முன்பே எழுந்து இணைய முயன்று தோற்கும். முயற்சியைக் கைவிடாமல் 10 விநாடிக்கு ஒருமுறை தொடர்ந்து கேட்கும்படி எழுதியிருந்தால் யாரும் தொடாமலே எண் வந்துவிடும்.